கடைசி பஸ்ஸுக்குப் பிறகும் மலையில் ஆட்கள் இருக்கிறோம்

சீசன் நெருங்கினால் நீலகிரியைப் பற்றி ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். மேலே வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டுமா வேண்டாமா, ஊட்டி சேரிங் கிராஸ் நெரிசலுக்கு என்ன வழி, பார்க்கிங் எங்கே கட்டலாம், ரோட்டை எவ்வளவு அகலப்படுத்தலாம். எல்லாமே மேலே ஏறி வந்து இரண்டு நாளில் இறங்கிப் போகிறவர்களைப் பற்றிய பேச்சு. இங்கேயே பிறந்து, இங்கேயே வேலை பார்த்து, இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று நினைக்கிற இருபது முப்பது வயதுக்காரர்களைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு விஷயம்தான் சொல்வோம். சம்பளத்துக்குள் அடங்குகிற ஒரு வாடகை வீடு. வேலை முடிகிற நேரத்துக்கு ஒரு பஸ்.

இவை இரண்டும் வேறு வேறு துறைகளின் ஃபைலில் இருக்கலாம். எங்களுக்கு ஒரே கணக்குதான். டவுனில் வீடு கிடைத்தால் நடந்தே வேலைக்குப் போய்விடலாம். பஸ் ஒழுங்காக ஓடினால் அப்பா அம்மாவோடு ஊரிலேயே இருந்துகொள்ளலாம். இரண்டும் இல்லாததால்தான் ஒவ்வொருவராகக் கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் இறங்கிக்கொண்டிருக்கிறோம்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தில் 7,62,141 பேர். 2011-ல் 7,35,394 பேர். அந்தப் பத்து வருஷத்தில் தமிழ்நாட்டில் மக்கள்தொகை குறைந்த ஒரே மாவட்டம் எங்களுடையது. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை, ஊட்டியில் ஃபோட்டோ ஃபிலிம் தயாரித்த எச்பிஎஃப் போல ஒரு தலைமுறைக்கே சோறு போட்ட ஆலை மூடிவிட்டது, வேலை இல்லாமல் போனார்கள் என்று எப்போதும் ஒரு காரணம் சொல்லப்படுகிறது. அது உண்மைதான். ஆனால் வேலை கிடைத்தவர்களும் போகிறார்கள் என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. குன்னூரிலும் ஊட்டியிலும் ஆஸ்பத்திரி, ஸ்கூல், ஹோட்டல், கடை, பேங்க் என்று வேலைக்கு ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்த வேலையில் சேர்கிற பிள்ளைகள் எங்கே தங்குவது, எப்படி வந்து போவது என்பதுதான் நிற்கிறது.

ஆட்கள் குறைந்த ஊரில் வீடு சும்மா கிடக்க வேண்டும் இல்லையா? அதுதான் இல்லை. நான் குன்னூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறேன். மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் இரண்டு ரூம் உள்ள ஒரு வீடு பார்க்கப் போனேன். சுவரில் ஈரம் பூத்திருந்தது, சமையலறையில் ஜன்னல் கிடையாது, பாத்ரூம் வெளியே. வாடகை 9,000, அட்வான்ஸ் அரை லட்சம். என் சம்பளம் 15,000. சரி, இன்னொரு பெண்ணோடு சேர்ந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டால், அந்த அம்மா தயங்கினார். “தப்பா நினைக்காதே கண்ணு. ஃபேமிலின்னா குடுப்போம். இல்லேன்னா பையன் இதைக் காட்டேஜா மாத்திடலாம்ங்கறான்.” அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. சனி ஞாயிறு இரண்டு ராத்திரிக்கு டூரிஸ்ட் கொடுக்கிற காசு, நான் ஒரு மாதத்துக்குக் கொடுக்கக்கூடிய வாடகையில் பாதி. வயதான காலத்தில் வேறு வருமானம் இல்லாதவர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

ஆனால் ஒரு தெருவில் ஐந்து வீடு காட்டேஜ் ஆகிவிட்டால் அந்தத் தெருவில் வாடகைக்கு வீடே இல்லாமல் போகிறது. அப்புறம் தண்ணீர் லாரி வருகிறது, ராத்திரி பாட்டு வருகிறது, வண்டி நிறுத்த இடம் இல்லாமல் போகிறது. ஹோம்ஸ்டே என்று ஓனரே குடியிருந்துகொண்டு ஒரு ரூமை விடுவது வேறு. யாருமே குடியிருக்காத வீட்டைப் போனில் புக்கிங் எடுத்து நடத்துவது வேறு. முதலாவது ஒரு குடும்பத்துக்கு ஆதரவு. இரண்டாவது குடியிருப்புப் பகுதியில் நடக்கிற லாட்ஜ். குடியிருப்பு என்று பிளான் அப்ரூவல் வாங்கிய கட்டடத்தை லாட்ஜாக நடத்தினால் வணிக வரி, வணிக மின்கட்டணம், எல்லாம் முறைப்படி வாங்க வேண்டும். மாதக்கணக்கில் உள்ளூர் ஆளுக்கு வாடகைக்கு விடுகிறவருக்குச் சொத்து வரியில் சலுகை கொடுக்கலாம். அந்த அம்மாவுக்கு அப்போது ஒரு காரணம் கிடைக்கும்.

எஸ்டேட் பிள்ளைகளின் நிலைமை இன்னும் கஷ்டம். 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு முதலாளி வீடு கொடுக்க வேண்டும் என்றது. நல்ல சட்டம்தான், அதனால்தான் தோட்டங்களில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள் இருக்கின்றன. ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டியது. அப்பாவும் அம்மாவும் ரிட்டயர் ஆனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகனோ மகளோ இலை பறிக்கப் போனால் வீடு நிற்கும். படித்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் பிறந்து வளர்ந்த வீட்டில் உரிமை கிடையாது. 1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்காகத்தான் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்களே உருவாக்கப்பட்டன. மூன்றாவது தலைமுறை வந்துவிட்டது. இன்னும் அந்தக் குடும்பங்களில் ரிட்டயர்மென்ட் என்றால் சந்தோஷம் இல்லை, வீடு போகிற பயம்தான். என் கூடப் படித்த ஒருத்தி நர்ஸிங் முடித்து ஊட்டியிலேயே வேலை வாங்கினாள். அவள் அப்பா ரிட்டயர் ஆன வருஷம் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டார்கள். அவளுக்கு வேலை இருந்தது. வீடுதான் இல்லை.

கூடலூர் பக்கம் பிரிவு 17 நிலம் என்று ஒரு பிரச்சினை. ஜென்மிகள் என்ற பழைய நிலவுடைமையாளர்களின் உரிமையை ஒழிக்க 1969-ல் போட்ட ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் 1974-ல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களில் பல தலைமுறையாக இருப்பவர்களுக்கு இன்னமும் பட்டா கிடையாது. பட்டா இல்லை என்றால் வீட்டு லோன் இல்லை, கரண்ட் கனெக்‌ஷன் வாங்குவதற்கே வருஷக்கணக்கில் அலைய வேண்டும். அங்கே இருக்கிற பையன்களிடம் போய் “ஊரிலேயே வீடு கட்டிக்கொள்ளுங்கள்” என்று எந்த வாயால் சொல்வது?

இதற்கெல்லாம் தீர்வாக என் நண்பர்களில் சிலர் கட்டட விதியைத் தளர்த்தச் சொல்கிறார்கள். மலையில் 7 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்ட முடியாது என்பதால்தான் வீடு பற்றாக்குறை என்பது அவர்கள் வாதம். நான் இதை ஏற்கவில்லை. 2009 நவம்பரில் பெய்த மழையில் கேத்தி, அச்சனக்கல் பக்கம் மண் சரிந்து, மாவட்டம் முழுக்க நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மாவட்ட நிர்வாகமே 283 இடங்களை ஆபத்தான பகுதி என்று அடையாளம் கண்டு வைத்திருக்கிறது. சரிவை வெட்டி அடுக்குமாடி கட்டினால் அதில் குடியேறப் போவது நாங்கள் இல்லை, கீழே மண் மூடப்போவதுதான் நாங்கள். விதியைத் தளர்த்தினால் எங்களுக்கு வீடு வந்துவிடும் என்பதற்கும் எந்த உத்தரவாதமும் இல்லை. தேயிலைத் தோட்டத்தைச் சென்ட் கணக்கில் துண்டுபோட்டு விற்று வில்லா கட்டினார்களே, அதில் எத்தனை வீட்டில் உள்ளூர் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள்? பாதி வீடுகளில் வருஷத்தில் பெரும்பகுதி விளக்கே எரிவதில்லை.

புதிதாக மலையை வெட்ட வேண்டாம். ஏற்கெனவே கட்டி, பாழடைந்து கிடக்கிற குவார்ட்டர்ஸ்கள் இருக்கின்றன. டவுனுக்குள் பஸ் ரூட்டை ஒட்டியே இருக்கின்றன. அவற்றைச் செப்பனிட்டு, வேலைக்குப் போகிற உள்ளூர் இளைஞர்களுக்கு நியாயமான வாடகைக்குக் கொடுங்கள். பெண்களுக்கென்று அரசு விடுதி ஒவ்வொரு டவுனிலும் வேண்டும்.

இனி பஸ். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வந்து நின்று பாருங்கள். மழையும் மூடுபனியும் சேர்ந்துகொண்டால் எதிரே நிற்கிற பஸ்ஸின் போர்டு தெரியாது. சேலாஸ், தூதூர்மட்டம், கொலக்கம்பை போகிறவர்கள் எல்லாம் ஒவ்வொரு ஹெட்லைட்டுக்கும் எழுந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உட்காருவார்கள். ஜவுளிக்கடைப் பெண்கள், பேக்கரிப் பையன்கள், டியூஷன் முடித்த காலேஜ் பிள்ளைகள், மருந்துப் பையோடு ஒரு பாட்டி. கடைசியில் டைம் கீப்பர் அறையிலிருந்து ஒருவர் வந்து “ட்ரிப் கட்டும்மா, பஸ் ஸ்பேர் இல்லை” என்று சொல்லிவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்லி என்ன செய்வது, பஸ் இல்லாததற்கு அவர் என்ன பண்ணுவார். அதற்குப் பிறகு ஆட்டோதான். நாலு பேர் சேர்ந்தால் காசைப் பிரித்துக்கொள்ளலாம். தனி ஆள் என்றால் அன்றைய சம்பளத்தில் பாதி போய்விடும்.

இறங்கிய பிறகும் பயணம் முடிவதில்லை. மெயின் ரோட்டில் இறங்கி, லைன் வீட்டுக்குத் தேயிலைக்குள் போகிற ஒற்றையடிப் பாதையில் செல்போன் டார்ச்சோடு நடக்க வேண்டும். காட்டெருமை பாதையிலேயே படுத்திருக்கும். கரடி நடமாட்டம் வேறு. எங்கள் ஊரில் அம்மாக்கள் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே எதிரே வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போவார்கள். பொதுப் போக்குவரத்து என்று பேசுகிறவர்கள் இந்தக் கடைசி அரை கிலோமீட்டரையும் சேர்த்துப் பேச வேண்டும். நாலு சோலார் விளக்கும், மழைக்கு ஒதுங்க ஒரு நிழற்குடையும் எவ்வளவு செலவு பிடித்துவிடும்?

பெண்களுக்கு இலவசப் பயணம் 2021-ல் சமவெளியில் தொடங்கியது. மலைக்கு வந்து சேர 2024 ஆனது. வந்ததும் எங்கள் வீடுகளில் மாதம் ஒரு தொகை மிச்சமானது, அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் பஸ்ஸே வராத ரூட்டில் டிக்கெட் இலவசமாக இருந்து என்ன பயன்?

பஸ் இல்லாததால்தான் எல்லோரும் டியூ போட்டு ஸ்கூட்டர் வாங்குகிறார்கள். இளைஞர்களுக்கு வண்டி மோகம் என்று பெரியவர்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. மழையில் கொண்டை ஊசி வளைவில் ஸ்கூட்டர் ஓட்டுவது யாருக்கும் ஆசை கிடையாது. எலெக்ட்ரிக் வண்டி வாங்குங்கள், சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று கீழேயிருந்து நண்பர்கள் சொல்கிறார்கள். மலைவீடுகள் எப்படி இருக்கும் என்று அவர்கள் பார்த்ததில்லை. வண்டி மேலே ரோட்டோரம் நிற்கும், வீடு அறுபது எழுபது படி இறங்கிக் கீழே இருக்கும். சார்ஜர் வயரை எங்கிருந்து இழுப்பது? ஏற்றத்தில் பேட்டரியும் சீக்கிரம் தீரும். எலெக்ட்ரிக் முதலில் பஸ்ஸுக்கு வரட்டும். டிப்போவில் சார்ஜ் போடலாம். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்கே திரும்புகிற தொழில்நுட்பம் மலைப்பாதைக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. ஐம்பது அடி பஸ் எல்லாம் வேண்டாம். எங்கள் வளைவுகளில் திரும்பக்கூடிய சின்ன பஸ், அரை மணிக்கு ஒன்று, ராத்திரி பத்து மணி வரை. இவ்வளவுதான்.

இ-பாஸ் விஷயத்தில் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் அது வந்தது. 2025 சீசனுக்கு ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பு வைத்தார்கள். வியாபாரிகள் கடையடைத்தார்கள், டாக்ஸி ஓட்டுகிற என் பெரியம்மா மகன் இன்றைக்கும் இதற்காக என்னோடு சண்டை போடுகிறான். அவன் வருத்தம் நியாயமானது, அவனுக்கு அந்த மூன்று மாதம்தான் வருஷ வருமானம். இருந்தாலும் நான் வரம்பை ஆதரிக்கிறேன். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு 18 கிலோமீட்டர்தான். மே மாதத்தில் ஆம்புலன்ஸே வழி கிடைக்காமல் நிற்பதை நான் வேலை செய்கிற இடத்திலிருந்தே பார்க்கிறேன்.

ஆனால் வண்டியைக் குறைப்பது பாதி வேலை. உள்ளே வருகிறவர்களை எதில் ஏற்றுவது என்பதுதான் மீதிப் பாதி. அதே பஸ்கள் உள்ளூர் ஆட்களுக்கும் ஓட வேண்டும். சீசனில் சுற்றிப் பார்க்க ஸ்பெஷல் பஸ் விடும்போது எங்கள் ரூட்டில் ட்ரிப் கட் ஆகிறது. அதை அடியோடு நிறுத்த வேண்டும். செக்போஸ்டில் வாங்குகிற பசுமை வரி ஒவ்வொரு வருஷமும் எவ்வளவு, எதற்குச் செலவானது என்று வெளியிட வேண்டும். அதில் ஒரு பங்கு கிராமத்து ரூட்டுகளுக்கு என்று ஒதுக்கினால் டாக்ஸி ஓட்டுகிற அந்த அண்ணனைப் போன்றவர்களுக்கும் வேலை வரும். சின்ன பஸ்ஸுக்கு டிரைவர் வேண்டும்தானே? இந்த வளைவுகளை அவனைவிட யாருக்குத் தெரியும்?

மலை ரயிலையும் மறக்கக் கூடாது. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆனதிலிருந்து அதை டூரிஸ்ட் ரயிலாகவே பார்க்கிறார்கள். பல்சக்கரத் தண்டவாளம் இருப்பது கல்லாறு முதல் குன்னூர் வரை. குன்னூருக்கு மேலே சாதாரணத் தண்டவாளம்தான். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஆட்கள் குடியிருக்கிற ஊர்களின் வழியாகத்தான் போகிறது. வேலைக்குப் போகிற நேரத்துக்கும் திரும்புகிற நேரத்துக்கும் உள்ளூர்க்காரர்களுக்கென்று ஒரு பெட்டியாவது ஒதுக்கினால் அந்த ரோட்டில் எத்தனையோ ஸ்கூட்டர் குறையும்.

சரி, எழுதிவிட்டுப் போவதாக இல்லை. நாங்கள் சிலர் சேர்ந்து ஆறு தாலுகாவுக்கும் ஒரு பட்டியல் தயாரிக்கிறோம். உங்கள் ஊர் பெயர், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அது அடிக்கடி கட் ஆகிறதா, ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு எவ்வளவு தூரம், வழியில் விளக்கு இருக்கிறதா என்று கீழே எழுதுங்கள். வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்கள் எந்த ஏரியாவில் எவ்வளவு கேட்டார்கள் என்றும் எழுதுங்கள். ஓனர் பெயர் வேண்டாம். பந்தலூர், குந்தா பக்கத்திலிருந்து இன்னும் ஒருவர்கூடச் சொல்லவில்லை, அங்கே தெரிந்தவர்களை டேக் பண்ணுங்கள். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஊட்டி கலெக்டர் ஆபீஸில் மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறோம். லீவு போட்டு வரக்கூடியவர்கள் காலை பத்து மணிக்கு அங்கே வந்துவிடுங்கள்.