அது ஒப்பனை அல்ல

1940 இல் பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் நடந்த வான்போரைக் காட்டும் 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' என்ற ஆங்கிலப் படத்தைப் பற்றி இரண்டு நாட்களாக நடக்கும் விவாதத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். படம் இழுவை என்றும், யார் யார் என்றே புரியவில்லை என்றும் பலர் எழுதியிருந்தீர்கள். அவற்றோடு எனக்கு வழக்கில்லை. தீயில் வெந்த முகத்தோடு ஓர் அதிகாரி சில நொடிகள் வந்து போகிறாரே, அந்தக் காட்சியைத் தனியாக வெட்டி எடுத்துப் போட்டு, "அந்தக் காலத்து மேக்கப் இவ்வளவுதான்" என்று ஒரு தம்பி எழுதியதும், அதற்குக் கீழே வரிசையாக விழுந்த சிரிப்புகளும்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

அது ஒப்பனை அல்ல. அவர் பெயர் பில் ஃபாக்ஸ்லி. பிரிட்டிஷ் விமானப்படையில் நேவிகேட்டராக, அதாவது விமானத்துக்கு வழி கணித்துச் சொல்பவராக இருந்தவர். 1944 இல் அவர் சென்ற வெலிங்டன் குண்டுவீச்சு விமானம் பயிற்சியின்போது விழுந்து தீப்பிடித்தது. காயமின்றி வெளியேறிவிட்ட அவர், உள்ளே சிக்கிக்கொண்ட வயர்லெஸ் ஆப்பரேட்டரை மீட்பதற்காகத் திரும்பவும் அந்தத் தீக்குள் போனார். தோழர் பிழைக்கவில்லை, இவருடைய முகமும் கைகளும் வெந்துபோயின, ஒரு கண்ணும் போயிற்று. ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து, 1969 இல் வெளிவந்த இந்தப் படத்தில் அந்த முகத்தோடுதான் அவர் கேமராவின் முன் நின்றார். 1940 இல் நடக்கும் கதையில் 1944 இல் காயம்பட்டவர் எப்படி வரலாம் என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்கு நான் நேரம் ஒதுக்கப்போவதில்லை.

பழைய படம் என்றால் குறையே சொல்லக் கூடாதா என்று ஒருவர் கேட்பார். தாராளமாகச் சொல்லலாம். என் சித்தப்பா இந்திய விமானப்படையில் எஞ்ஜின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் படத்தை வீட்டில் முதன்முதலாகக் கேசட்டில் போட்டபோது, ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் வந்த உடனேயே, "இது ஜெர்மன் எஞ்ஜின் இல்லை, புகைபோக்கிக் குழாய்கள் மேலே இருக்கின்றன பார்" என்றார். அவர் சொன்னது சரிதான். ஜெர்மானியரின் டெய்ம்லர் பென்ஸ் எஞ்ஜின் தலைகீழாகப் பொருத்தப்பட்டது. அதன் குழாய்கள் மூக்கின் கீழ்ப்பக்கத்தில் இருக்கும். படத்தில் பறப்பவை ஸ்பெயினில் கட்டப்பட்டவை. அவற்றுக்குள் இருப்பது பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரில் இருக்கும் அதே ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்ஜின். ஹைங்கல் குண்டுவீச்சு விமானங்களும் அப்படித்தான். ஆக, வானத்தில் மோதிக்கொள்ளும் இரண்டு தரப்பும் ஒரே எஞ்ஜினில் பறக்கின்றன. ஸ்டூக்கா என்னும் ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள் வெறும் மாதிரிகள். இவையெல்லாம் குறைகள்தான், நானே சொல்கிறேன். ஆனால் சித்தப்பா அவற்றைக் கண்ணால் பார்த்து, கைப்பழக்கத்தால் அறிந்து சொன்னார். பார்க்காமலேயே ஒரு மனிதனின் முகத்தைப் பொய் என்று சொல்வது விமர்சனமே அல்ல.

நம்மை ஆண்டவர்களின் போருக்கு நீ ஏன் உருகுகிறாய் என்று இன்னொருவர் கேட்பார். அந்தப் போரில் பறந்த 79, 234, 264 ஆகிய மூன்று பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்களுக்கும் (விமானப் பிரிவுகளுக்கும்) 'மெட்ராஸ் பிரெசிடென்சி' என்ற பெயர் உண்டு. இங்கே திரட்டிய பணத்துக்காக இடப்பட்ட பெயர் அது. ஆனால் நான் உருகுவது அதற்காக அல்ல.

என் சித்திக்குப் பம்ப் ஸ்டவ் வெடித்து, கழுத்திலிருந்து இடது கன்னம் வரை வெந்துபோயிருந்தது. அதன் பிறகு அவர் எந்தக் கல்யாணத்துக்கும் வந்ததில்லை. பேருந்தில் அவர் பக்கத்து இருக்கை கடைசி வரை காலியாகவே இருந்ததை நான் சிறுமியாக இருந்தபோதே பார்த்திருக்கிறேன். குழந்தைகள் பயப்படுவார்கள் என்று அவரிடமே சொன்ன உறவினர்கள் உண்டு. கேசட் ஓடிய அன்றும் அவர் வெளிச்சம் படாத மூலையில்தான் உட்கார்ந்திருந்தார். ஃபாக்ஸ்லி வந்த இடத்தில், "அதை இன்னொரு தடவை போடுங்கள்" என்று சித்தப்பாவிடம் கேட்டார். மூன்று முறை போட்டோம். "இவரை எல்லாரும் பார்க்கட்டும்னு எடுத்திருக்காங்களே" என்று மட்டும் சொன்னார்.

ஃபாக்ஸ்லிக்கு அறுவை சிகிச்சை செய்தவர், இங்கிலாந்தில் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற ஊரின் மருத்துவமனையில் இருந்த ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ. தோலை ஒட்டியதோடு தன் வேலை முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. நோயாளிகளை நோயாளி உடை இல்லாமல், விமானப்படைச் சீருடையிலேயே ஊருக்குள் அனுப்பினார். அவர்களை முறைத்துப் பார்க்காமல் பழகும்படி ஊராரிடம் கேட்டுக்கொண்டார். ஊரார் தங்கள் வீடுகளுக்கு அவர்களை அழைத்தார்கள். முறைத்துப் பார்க்காத ஊர் என்றே அதற்குப் பெயர் வந்தது. அங்கே சிகிச்சை பெற்றவர்கள் 1941 இல் தங்களுக்காகத் தொடங்கிய 'கினி பிக் கிளப்' (சோதனை எலிகள் சங்கம் என்பதுபோல) பல பத்தாண்டுகள் நிலைத்தது. என் சித்திக்கு ஓர் ஊர் வேண்டியிருக்கவில்லை, ஒரு தெரு போதுமாக இருந்தது. அது கூடக் கிடைக்கவில்லை.

தெரியாமல் எழுதியதற்கு இவ்வளவு கோபமா என்று கேட்காதீர்கள். தெரியாதது தவறில்லை. நேற்றுக் காலையிலேயே நான் விவரத்தை எழுதினேன். அதற்குப் பிறகும் சிரித்தார்கள்.

தம்பி, படம் மோசம் என்று நீங்கள் எழுதியவை அனைத்தும் அப்படியே இருக்கட்டும். அந்த முகத்தைப் பற்றி எழுதியதை மட்டும் எடுத்துவிடுங்கள்.