டேப்லட் போதும்னா, யாருக்கு?

டேப்லட் வாங்கிட்டா லேப்டாப்பே வேணாம்னு கட்டுரையில போட்டிருக்கீங்க, பாதிதான் ஒத்துக்குவேன். காரைக்குடியில எங்க ஆச்சி வளவுல உக்காந்து அஞ்சறைப் பெட்டி மேல டேப்லட்ட சாய்ச்சு வச்சுக்கிட்டு சிங்கப்பூர் பேரன்கிட்ட பேசுறாக, அவுகளுக்கு அது அருமை, உள்ள ஃபேனே இல்லாததால சத்தமும் கெடையாது. ஆனா கடைக்கணக்கு பாக்குற எனக்கு? கணக்கு எழுதுற டேலி விண்டோஸ் சாஃப்ட்வேருங்க, ஆண்ட்ராய்டுலயோ ஐபேட்லயோ நேரா இன்ஸ்டால் பண்ண முடியாது (மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் மாதிரி விண்டோஸ் டேப்லட்னா வேற கதை). 2021 ஐபேட் ப்ரோல ஆப்பிளோட மேக்புக் லேப்டாப்ல இருந்த அதே எம்1 சிப்பதான் போட்டாங்க, அப்பவும் மேக் சாஃப்ட்வேர் அதுல ஓடல, அப்ப சிக்கல் வேகத்துல இல்ல, ஓஎஸ்லதான், அதாவது கருவிய இயக்குற அடிப்படை சாஃப்ட்வேர்லதான். கீபோர்டு, பேனா எல்லாம் பெரும்பாலும் தனிக்காசு வேற, அதையும் கூட்டிப் பாத்தா சில மாடலுக்கு நல்ல லேப்டாப் விலையே வந்துருது, இத ஏன் கட்டுரையில சொல்லல?