ஸ்மார்ட் போர்டுக்குப் பணம் கொடுக்கும் முன்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் முன்னாள் மாணவர்கள் பணம் திரட்டினால் பள்ளிக்கு முதலில் வாங்க நினைப்பது ஸ்மார்ட் போர்டைத்தான். வளைகுடாவில் வெயிலில் நின்று சம்பாதித்தவர்களின் பணமும் அதில் சேர்ந்திருக்கிறது. அதனால் கேட்கிறேன்: அந்தப் பலகை வந்தபின் பிள்ளைகள் கூடுதலாகக் கற்றார்கள் என்று எங்கே, யார் அளந்து பார்த்தார்கள்?

விற்க வருகிறவர், எத்தனை பள்ளிகளில் மாட்டியிருக்கிறோம் என்ற கணக்கைக் காட்டுவார். அது கற்றலைப் பற்றி எதையும் சொல்வதில்லை. பெரு நாட்டில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்தார்கள். 319 பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வந்தது: கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் உயரவில்லை.

தொழில்நுட்பமே வீண் என்று நான் சொல்லவில்லை. டெல்லியில் பள்ளி நேரம் முடிந்தபின் மைண்ட்ஸ்பார்க் மென்பொருளில் படிக்கக் குலுக்கல் முறையில் வாய்ப்புப் பெற்ற மாணவர்கள், நாலரை மாதத்திலேயே கணிதத்திலும் இந்தியிலும் மற்றவர்களை முந்தினார்கள். பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரன் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கே தடுமாறினால், அந்த மென்பொருள் அங்கிருந்தே தொடங்கும். குழுவாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆளும் இருந்தார்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது குஜராத்தில் லீ லிண்டன் என்ற பொருளாதார ஆய்வாளர் செய்த ஆய்வு. ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்தைக் கணினிப் பயிற்சி எடுத்துக்கொண்ட இடத்தில் பிள்ளைகள் பின்தங்கினார்கள். பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாக நடந்த இடத்தில் முன்னேறினார்கள். நம் கூட்டங்களில் விலையும் வாரண்டியும் பேசுகிறோமே தவிர, இது எந்தப் பாடவேளையை விழுங்கும் என்று யாரும் கேட்பதில்லை.

டெல்லி முடிவு பேச்சிப்பாறை மலையோரக் குடியிருப்புக்கும் குளச்சல் கடற்கரைக்கும் பொருந்துமா என்றால், அது நியாயமான கேள்வி. அதற்காகத்தான் இங்கேயே அளந்து பார்க்கச் சொல்கிறேன். நம் மாநிலத்திலேயே, தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்த இல்லம் தேடிக் கல்வியை ஆராய்ந்தார்கள். கொரோனா காலத்தில் விட்டுப்போன கற்றலை மீட்டதில் அதற்குக் கணிசமான பங்கு இருப்பது தெரிந்தது. அங்கே கருவியைவிட மனிதர்களே அதிகம்.

2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடம் பெற்ற மாவட்டம் நம்முடையது. இங்கே பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்களுக்கு வாசித்து, விசாரித்து முடிவெடுக்கத் தெரியும். அடுத்த கூட்டத்தில் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: இதைச் சோதித்த ஆய்வு எது, அதை நடத்தியது விற்பவரா வெளியாளா, ஒப்பிட்டுப் பார்க்கக் கருவி இல்லாத பள்ளிகளும் அதில் இருந்தனவா. வாங்கியே ஆக வேண்டுமென்றால், ஒரு வகுப்பின் ஒரு பிரிவில் மட்டும் வைத்து, முன்னும் பின்னும் அதே தேர்வை இரண்டு பிரிவுகளுக்கும் நடத்திப் பாருங்கள். மீதிப் பணம் அதுவரை வங்கியிலேயே இருக்கட்டும்.