அப்பாவைப் பறிகொடுக்க மறுத்த சிறுவன்

2023 ஜூன் முதல் வாரத்தில் ‘ஸ்பைடர்மேன்: அக்ராஸ் த ஸ்பைடர்-வெர்ஸ்’ படத்தைத் திரையரங்கில் பார்த்து முடித்தபோது, பக்கத்து இருக்கையில் இருந்த என் அக்கா மகன் எழுந்து வரவே மறுத்துவிட்டான். இரண்டு மணி இருபது நிமிடம் ஓடிய படம், நாயகனை வேறோர் உலகத்தில் கட்டிப்போட்டுவிட்டு, மீதியை அடுத்த பாகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முடிந்திருந்தது. “இது ஏமாற்று வேலை மாமா” என்றான். அன்றைக்கு அவன் பக்கம்தான் நியாயம் என்று எனக்கும் பட்டது. அதன் பிறகு நான்கு முறை பார்த்துவிட்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. கதை பாதியில் நிற்பது உண்மை. ஆனால் அந்தக் கதைக்குள் நடக்கும் வழக்கு முழுவதுமாக விசாரிக்கப்பட்டுவிட்டது. தீர்ப்பைத்தான் ஒத்திவைத்திருக்கிறார்கள். (கதை முழுவதையும் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.)

வழக்கு இதுதான்: ஒருவன் நாயகன் ஆவதற்கு அவனுக்கு வேண்டிய ஒருவர் செத்தே ஆக வேண்டுமா?

1962 ஆகஸ்டில் காமிக்ஸ் எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர்மேனை முதன்முதலாகக் கொண்டுவந்த கதையிலேயே இந்த வழக்கம் தொடங்கிவிட்டது. பீட்டர் பார்க்கர் அலட்சியமாகத் தப்பவிட்ட திருடன், பீட்டரை வளர்த்த பென் பெரியப்பாவையே கொன்றுவிடுகிறான். அந்தக் குற்ற உணர்விலிருந்துதான் நாயகன் பிறக்கிறான். 1970இல் போலீஸ் கேப்டன் ஜார்ஜ் ஸ்டேசி, சரிந்து விழும் இடிபாட்டிலிருந்து ஒரு குழந்தையைக் காப்பாற்றிவிட்டு உயிரை விடுகிறார். 1973இல் அவருடைய மகளும் பீட்டரின் காதலியுமான க்வென் ஸ்டேசி பாலத்திலிருந்து விழுந்து இறக்கிறாள். அன்று தொடங்கி, ஸ்பைடர்மேன் கதையைப் புதிதாகச் சொன்னவர்களில் பலர் இந்தச் சாவுகளில் ஒன்றையாவது திரும்ப நடத்தியிருக்கிறார்கள். வாசகர்களாகிய நாமும் அதைக் கேட்காமலே ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

கேட்கத் துணிவதுதான் இந்தப் படத்தின் சாதனை. மிகேல் ஓஹாரா என்ற எதிர்காலத்து ஸ்பைடர்மேன், எண்ணற்ற இணை உலகங்களைச் சேர்ந்த சிலந்தி மனிதர்களை ஒரே தலைமையகத்தில் திரட்டிவைத்து, அவர்களுடைய வாழ்க்கை எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் இந்தத் துயரங்களுக்கு ‘கேனான் ஈவென்ட்’, அதாவது கதையில் மாற்றவே கூடாத நிகழ்வு, என்று பெயரிட்டிருக்கிறான். ஒவ்வொரு ஸ்பைடர்மேனும் தனக்கு நெருக்கமான ஒரு போலீஸ் கேப்டனை இழக்க வேண்டும். தடுத்தால் அந்த உலகமே குலைந்துபோகும் என்பது அவனுடைய சட்டம். நம் வழக்கில் சொன்னால் அது ஊழ். ஒரே வேறுபாடு, மிகேலின் ஊழுக்கு அலுவலகமும் காவலர்களும் சிறைக்கூண்டும் உண்டு. அந்த ஆண்டு இணையத்தில் இந்தச் சொல் படாதபாடு பட்டது. நண்பன் தெரிந்தே ஒரு தவறான காதலில் விழுந்தால்கூட “கேனான் ஈவென்ட், குறுக்கே போகாதே” என்று எழுதினார்கள். ஒரு சொல்லாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், ஆனால் படம் அந்தச் சொல்லை நம்பவில்லை என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

படத்தின் நாயகன், புரூக்ளினில் வாழும் இளம் ஸ்பைடர்மேன் மைல்ஸ் மொரேல்ஸ். அவன் தந்தை ஜெஃபர்சன் போலீஸ்காரர், விரைவில் கேப்டனாகப் பதவியேற்கப் போகிறவர். மிகேலின் சட்டப்படி அடுத்த பலி அவர்தான். மகன் மறுக்கிறான், ஓடுகிறான், நூற்றுக்கணக்கான ஸ்பைடர்மேன்கள் அவனைத் துரத்துகிறார்கள். இந்தத் துரத்தலைத்தான் எல்லோரும் கொண்டாடினார்கள். எனக்கோ, படத்தின் தொடக்கத்தில் பள்ளி ஆலோசகரின் அறையில் நடக்கும் ஒரு சின்னக் காட்சியில்தான் முழுப் படமும் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. கல்லூரியில் இடம் வாங்க நல்ல கதை வேண்டும் என்று சொல்லும் அந்த ஆலோசகர், மைல்ஸை வறுமையில் திண்டாடும் புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளையாக அவராகவே சித்தரித்துவிடுகிறார். அம்மா ரியோவின் முகம் மாறுகிறது. அவள் ப்யூர்ட்டோ ரீகோக்காரி. அது அமெரிக்காவுக்கு உட்பட்ட பகுதி. நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார் அந்த ஆலோசகர். ஆனால் கறுப்பினத் தந்தைக்கும் ப்யூர்ட்டோ ரீகோத் தாய்க்கும் பிறந்தவன் என்றால் அவன் கதையில் துயரம் இருந்தே தீர வேண்டும் என்பது அவர் மனத்தில் ஊறிப்போன கேனான். ஒரு மணி நேரம் கழித்து மிகேல் வந்து அதையே அறிவியல் மொழியில் சொல்கிறான். உன் கதை எப்படி நடக்க வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்களே என்ற மைல்ஸின் எரிச்சலுக்கு அந்த அறையிலேயே விதை விழுந்துவிடுகிறது.

மிகேலை வில்லன் என்று எழுதியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவன் துக்கத்தில் இருப்பவன். வேறோர் உலகத்தில் இறந்துபோன தன் மறுவுருவின் இடத்தில் போய் அமர்ந்து, அவனுடைய மகளைத் தன் மகளாக வளர்த்து, கடைசியில் அந்த உலகமே கண்ணெதிரில் கரைந்து போவதைப் பார்த்தவன். ஆனால் வழக்கு என்று வந்துவிட்டால் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யத்தானே வேண்டும்? ஒருமுறை நடந்ததை வைத்து எல்லா உலகங்களுக்கும் அவன் சட்டம் எழுதிவிட்டான். இரண்டாவது ஆதாரமாக அவன் காட்டுவது, மும்பையும் மன்ஹாட்டனும் கலந்த மும்பாட்டன் நகரத்தை. அங்கே அந்த ஊர் ஸ்பைடர்மேனான பவித்ர் பிரபாகரின் காதலி காயத்ரியின் தந்தை இன்ஸ்பெக்டர் சிங் இறந்திருக்க வேண்டும், மைல்ஸ் காப்பாற்றிவிடுகிறான், உடனே பூமியில் பெரும் பள்ளம் திறக்கிறது. ஆனால் சற்று முன்புதான் அதே இடத்தில் ஸ்பாட் என்ற வில்லன் துகள்களை மோதவிடும் ஓர் ஆய்வு இயந்திரத்தின் ஆற்றலை உறிஞ்சிவிட்டுப் போயிருந்தான். பள்ளம் அதனால் வந்ததா, சிங் பிழைத்ததால் வந்ததா? படம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது கவனக்குறைவு அல்ல என்று உறுதியாக நம்புகிறேன்.

ஏனென்றால் மறுதரப்புச் சாட்சி படத்தின் இறுதியில் வருகிறது, அதுவும் சத்தமே இல்லாமல். இந்தப் படத்தில் வரும் க்வென் சாகவில்லை, வேறோர் உலகத்தில் அவளே ஸ்பைடர்வுமன். அந்த உலகத்தில் அவளுடைய தந்தை ஜார்ஜ் ஸ்டேசியும் கேப்டன்தான். அவரும் சாக வேண்டியவர்தான். முகமூடியைக் கழற்றிய மகளை நோக்கித் துப்பாக்கி நீட்டியவர் அவர். பிரிந்து போயிருந்த மகள் வீடு திரும்பும்போது, வேலையை விட்டுவிட்டேன் என்கிறார். கேப்டன் பதவியே இல்லை என்றால் கேப்டனின் சாவு ஏது? அவ்வளவுதான், சட்டம் உடைந்துவிட்டது. உலகம் குலையவில்லை, ஒரு கண்ணாடிகூட விரிசல் விடவில்லை. மகளுக்கு இது புரிகிற அந்த நொடியை முதல்முறை பார்த்தபோது நான் தவறவிட்டேன், அடுத்து வரும் பரபரப்பில் கரைந்துவிட்டது. இரண்டாம் முறை பார்க்கும்போது படத்தின் உச்சக்காட்சி அதுதான் என்று தோன்றியது.

அந்தக் காட்சியைத் தீட்டியிருக்கும் விதத்தைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. க்வென்னின் உலகம் நீர்வண்ணத்தால் ஆனது. சுவர், கூரை, சன்னல் எதுவும் நிலையாக இல்லை. தந்தையும் மகளும் பேசப் பேசப் பின்னணியில் வண்ணம் வழிகிறது, குளிர்ந்த நீலம் படர்கிறது, மனம் இளகும்போது வெளிச்சமும் சூடும் ஏறுகின்றன. பெரிய நிறுவனங்களின் அனிமேஷன் படங்களில் பளபளப்பான ஒரே வகைக் கணினி உருவங்களைப் பார்த்துப் பழகிவிட்ட கண்ணுக்கு, உணர்ச்சியைக் கதாபாத்திரத்தின் முகத்தில் தேடாமல் சுவரில் தேடச் சொல்வது புதிய பயிற்சி. 2018இல் வந்த முதல் பாகத்திலேயே இதற்கான துணிச்சல் இருந்தது: காட்டுக்குள் பீட்டரும் மைல்ஸும் வலையில் தொங்கி ஓடும் காட்சியில் பீட்டருக்கு நொடிக்கு 24 சித்திரங்கள், கற்றுக்குட்டி மைல்ஸுக்கு 12 மட்டுமே. அவன் தடுமாற்றம் கணக்கிலேயே இருந்தது. இரண்டாம் பாகத்தில் லண்டன் பங்க் இசைக்காரன் ஹோபி பிரவுனுக்கு அதை இன்னும் முறுக்கிவிட்டார்கள். கிழித்து ஒட்டிய சுவரொட்டி போன்ற அவனுடைய உடல் ஒரு வேகத்திலும், மேல்சட்டை வேறொரு வேகத்திலும், கிட்டார் இன்னொரு வேகத்திலும் அசைகின்றன. எந்தச் சட்டத்துக்கும் அடங்காதவனை நொடிக்கு இத்தனை சித்திரம் என்ற சட்டத்துக்கும் அடக்காமல் விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு உலகமும் வெவ்வேறு கையால் வரையப்பட்டிருக்கும்போது, எல்லா உலகங்களுக்கும் ஒரே கதைதான் என்று ஒருவன் அடித்துச் சொல்வதை நம் கண்ணே நம்ப மறுக்கிறது. மிகேலுக்கு எதிரான வலுவான வாதத்தை வசனம் எழுதியவர்கள் அல்ல, வரைந்தவர்கள்தான் வைத்திருக்கிறார்கள்.

மும்பாட்டனைப் பற்றி நம்மவர்கள் நிறைய எழுதிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். படம் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் வெளியானது. பவித்ருக்கு இந்தியிலும் பஞ்சாபியிலும் கிரிக்கெட் வீரர் சுப்மன் கில் குரல் கொடுத்தார். அந்த நகரத்தின் வண்ணமும் அச்சுத் தோற்றமும் பழைய இந்திரஜால் காமிக்ஸை நினைத்து உருவாக்கப்பட்டவை. ‘சாய் டீ’ என்று சொன்ன மைல்ஸை, டீக்கு இரண்டு பெயரா என்று பவித்ர் கடிந்துகொள்ளும் இடத்தில் அரங்கம் அதிர்ந்தது. எனக்குப் பிடித்தது அதுவல்ல. 2004இல் காமிக்ஸில் அறிமுகமான பவித்ர், பீட்டரின் கதையை அப்படியே இந்தியாவில் பெயர்த்து நட்டவன். படத்தில் வருபவனோ எதையும் இழக்காதவன், வேலை எளிதாக இருக்கிறது என்று பெருமையடிப்பவன், தலைமுடியைப் பற்றிக் கவலைப்படுபவன். துயரம் இல்லாமலும் நல்ல ஸ்பைடர்மேனாக இருக்க முடியும் என்பதற்கு அவனே உயிருள்ள ஆதாரம். அதனால்தான் அவன் துயரத்தைத் தடுத்ததும் தலைமையகம் அவ்வளவு பதறுகிறது. (லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்த எங்களுக்கு ஸ்பைடர் என்றாலே இங்கிலாந்திலிருந்து வந்த, கூர்க்காது வைத்த அந்தக் குற்றச் சக்கரவர்த்திதான். அவனுக்கு எந்தத் துயரமும் கிடையாது, திமிர் மட்டும்தான். அவனையும் ஏதாவது ஓர் உலகத்தில் சேர்த்திருக்கலாம்.)

குறைகளும் உண்டு. ஸ்பாட் என்ற பாத்திரம் தொடக்கத்தில் சிரிப்புக்கு ஆளாகி, நடுவில் அச்சம் ஊட்டுபவனாக வளர்ந்து, பிறகு நெடுநேரம் காணாமல் போகிறான். அவனை முகமற்ற புள்ளிகளாக ஆக்கிய விபத்தும், மைல்ஸைக் கடித்த சிலந்தியை 42ஆம் உலகத்திலிருந்து வரவழைத்த ஆய்வும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டவை. இருவரும் ஒருவரை ஒருவர் உண்டாக்கியவர்கள். அந்த முடிச்சை இவ்வளவு லேசாகத் தொட்டுவிட்டுப் போனது வீண். இன்னொரு ஸ்பைடர்வுமனான ஜெசிகா ட்ரூ கர்ப்பிணியாக மோட்டார் சைக்கிளில் வருகிறாள் என்பதைத் தவிர அவளைப் பற்றி எனக்கு எதுவும் நினைவில் இல்லை.

ஆனால் என்னை உறுத்துவது திரைக்கு வெளியே இருப்பது. படம் வெளியான அதே மாதத்தில், ‘வல்ச்சர்’ என்ற அமெரிக்க இணைய இதழில், இந்தப் படத்தில் வேலை செய்த, பெயர் சொல்ல விரும்பாத நான்கு கலைஞர்கள் பேசினார்கள். ஓராண்டுக்கும் மேலாக வாரத்தில் 7 நாளும், நாளுக்கு 11 மணி நேரத்துக்கும் மேல் உழைத்ததாகவும், முடித்துக் கொடுத்த காட்சிகள் திரும்பத் திரும்பக் கலைக்கப்பட்டதாகவும், தாங்க முடியாமல் ஏறக்குறைய 100 பேர் பாதியிலேயே விலகியதாகவும் சொன்னார்கள். கதை சரியாக அமையும்வரை திருத்துவது படத் தொழிலின் இயல்பு என்ற தோரணையில் தயாரிப்புத் தரப்பின் பதில் வந்தது. அதைப் படித்தபோது மிகேலின் குரல்தான் காதில் கேட்டது. பலருக்கு நல்லது நடக்கச் சிலர் நொறுங்கத்தான் வேண்டும், அது இந்தத் தொழிலின் கேனான். நான் மேலே வாய் ஓயாமல் புகழ்ந்த அந்த நீர்வண்ணச் சுவரை எத்தனை முறை அழித்து வரைந்திருப்பார்கள், அதை வரைந்தவர் அன்றைக்கு எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போயிருப்பார் என்ற கேள்வி இப்போது ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் கூடவே வருகிறது. படத்தை விரும்புவதை அது குறைக்கவில்லை. ஆனால் நிம்மதியாக விரும்ப விடுவதும் இல்லை.

அதனால்தான் மூன்றாம் பாகம் தள்ளிப் போவதில் எனக்கு வருத்தம் கிடையாது. 2024 மார்ச் 29இல் வருவதாக இருந்த படம் இப்போது 2027 ஜூனுக்குப் போயிருக்கிறது. என் அக்கா மகன் இதைச் சொல்லிச் சொல்லித் திட்டுகிறான். கேப்டன் செத்தால்தான் மூன்றாம் பாகம் எடுபடும் என்று பந்தயமும் கட்டியிருக்கிறான். அவர் பிழைப்பார் என்று நான் கட்டியிருக்கிறேன். ஜெஃபர்சன் பதவியேற்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று மைல்ஸிடம் சொல்லப்பட்டது 2023இல். இங்கே ஆண்டுகள் ஓடிவிட்டன, எங்கள் வீட்டுப் பையனுக்கு மீசை முளைத்துவிட்டது. அங்கே இன்னும் அந்த இரண்டு நாள் முடியவில்லை. கேப்டன் உயிரோடுதான் இருக்கிறார்.