செட் சேலையில் செட் எங்கே?
‘செட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் அத்தனை அர்த்தங்களும் ‘வை’ என்று பொருள்படும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று அந்தச் சொல்லைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது பாதிதான் சரி. வைப்பதைக் குறிக்கும் வினை பழைய ஆங்கிலத்தின் ‘செட்டன்’. 1989-இல் வந்த ஆக்ஸ்போர்டு அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு இந்த வினைக்குத்தான். ஆனால் கூட்டம், தொகுதி என்ற பொருளில் வரும் செட், லத்தீனின் ‘செக்டா’விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ஒலி ஒன்றாக இருந்ததால் பிற்பாடு இரண்டும் ஒட்டிக்கொண்டன, அவ்வளவுதான். அப்புறம், தமிழுக்கு வந்தால் ஆங்கிலச் சொல்லின் பொருள் சுருங்கிவிடும் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்திட்ட ஒருவர் எழுதியிருக்கிறார். கேரள எல்லையை ஒட்டிய எங்கள் மார்த்தாண்டம் பக்கம் வந்து பார்க்கட்டும். இடுப்பில் உடுத்தும் முண்டும் மேலே போடும் நேரியதுமாக இரண்டு துணி, அதனால் செட்டு முண்டு, நியாயம். ஓணத்துக்கு எடுக்கும் செட் சேலை ஒரே துணிதானே, அதில் செட் எங்கே இருக்கிறது? பாட்டி ராத்திரி டம்ளரில் போட்டு வைத்தது பல்செட்டு, கோயில் கொடையில் காதைக் கிழிப்பது மைக்செட்டு, அக்காவுக்குப் பார்த்த முதல் மாப்பிள்ளை ‘செட்டாகல’. இந்தக் கடைசிச் செட்டை ஆக்ஸ்போர்டில் தேடினால் கிடைக்காது.