ஜிஎஃப்பியைக் கொஞ்சம் ஓரம் வைத்துவிட்டு யோசிப்போம்

உயிருள்ள செல்லுக்குள் ஒரு புரதம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டுமா? யாரைக் கேட்டாலும் "ஜிஎஃப்பி ஒட்டிப் பாருங்கள்" என்பார்கள். 1962இல் ஒசாமு ஷிமோமுரா ஜெல்லிமீனிலிருந்து பிரித்தெடுத்த, பச்சையாக ஒளிரும் அந்தப் புரதத்தின் மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. 2008இல் அதற்குக் கிடைத்த நோபல் முழுக்கத் தகுதியானது. ஆனால் எந்தப் புரதமானாலும் யோசிக்காமல் அதையே ஒட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அளவைப் பாருங்கள். ஜிஎஃப்பி 238 அமினோ அமிலம், சுமார் 27 கிலோடால்டன் (புரதங்களின் எடையை அளக்கும் அலகு). செல்லுக்கு வடிவம் தரும் இழைகளைக் கட்டும் புரதமான ஆக்டினே 42 கிலோடால்டன்தான். பிளவு ஈஸ்ட் இரண்டாகப் பிரியும்போது நடுவில் ஓர் ஆக்டின் வளையம் உருவாகும். ஜிஎஃப்பி ஒட்டிய ஆக்டின் அந்த வளையத்தில் சேர்வதில்லை, ஆக்டின் இழைகளை நீட்டும் ஃபார்மின் என்ற புரதம் அதை ஒதுக்கிவிடுகிறது. படத்தை மட்டும் நம்பினால் அங்கே ஆக்டினே இல்லை என்று எழுதிவிடுவோம்! பார்ப்பதற்காக ஒட்டியதே பார்வையை மறைத்தால் எப்படி?

அதனால்தான் நொதிகளை வைத்து அடையாளமிடும் முறையை இவ்வளவு வற்புறுத்துகிறேன். ஈ.கோலையில் எல்பிஎல்ஏ என்றொரு நொதி இருக்கிறது. லிபோயிக் அமிலத்தை எடுத்து, புரதத்தில் குறிப்பிட்ட ஒரு லைசினில் (ஓர் அமினோ அமிலம்) இணைப்பது அதன் வேலை. அந்த பாக்டீரியாவின் ஆயிரக்கணக்கான புரதங்களில் மூன்றே மூன்றைத்தான் அது தொடும். எம்ஐடியில் ஆலிஸ் டிங் குழுவினர் இந்தக் கறார்த்தனத்தை அப்படியே பயன்படுத்திக்கொண்டார்கள். நொதியின் 37ஆவது இடத்தில் இருந்த டிரிப்டோஃபேனை வேலினாக மாற்றினார்கள். பெரிய பக்கச்சங்கிலி போய்ச் சின்னது வந்ததும் பிணைப்புக் குழி அகலமானது, லிபோயிக் அமிலத்தின் இடத்தில் கூமரின் என்ற ஒளிரும் சாயம் உட்கார்ந்தது. நாம் பார்க்க விரும்பும் புரதத்தில் சேர்க்க வேண்டியது 13 அமினோ அமிலம் கொண்ட ஒரு சிறு துண்டு (பெப்டைடு) மட்டும், அதன் லைசினில் நொதி சாயத்தை ஒட்டிவிடும். 2010இல் வெளிவந்த வேலை இது. எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இதில் உள்ள சோதனைதான். அந்தப் பெப்டைடில் உள்ள ஒரே லைசினை அலனினாக மாற்றுங்கள். ஒளி முற்றிலும் மறைய வேண்டும். மறையாவிட்டால் நாம் பார்த்துக்கொண்டிருந்தது நம் புரதத்தை அல்ல. இந்தச் சோதனையின் படம் இல்லாத கட்டுரையை நான் நம்பமாட்டேன்.

சிரமம் இல்லாமல் இல்லை. நொதியின் மரபணுவையும் செல்லுக்குள் சேர்க்க வேண்டும். சாயம் ஒட்டப் பத்து நிமிடம் போதும், ஒட்டாத மிச்சம் வெளியேறத்தான் காத்திருக்க வேண்டும். கூமரினின் நீல ஒளியும் அவ்வளவு பிரகாசமில்லை. பிரகாசமான சாயங்களுக்கு, அவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஹேலோடேக் என்ற ஒட்டுப் புரதம் இருக்கிறதே என்பார்கள். அது 33 கிலோடால்டன், ஜிஎஃப்பியை விடப் பெரியது.

செல் பரப்பில் உள்ள ஏற்பிகளை (வெளியிலிருந்து வரும் சைகைகளைப் பிடிக்கும் புரதங்களை) ஆராயத் தொடங்குபவர்கள் பிர்ஏ நொதியை முதலில் முயலலாம். அது 15 அமினோ அமிலப் பெப்டைடில் பயோட்டின் என்ற வைட்டமினை இணைக்கும். நொதியை எண்டோபிளாச வலைக்கு (ஏற்பிகள் செல்லுக்குள் உருவாகும் இடம்) அனுப்பிவிட்டால், ஏற்பி வெளியே வரும் வழியிலேயே பயோட்டின் ஏறிவிடும். பிறகு பயோட்டினை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தைச் சாயம் பூட்டிக் குளிரில் சேருங்கள். அது சவ்வைத் தாண்டாது என்பதால் பரப்பில் இருப்பவை மட்டுமே ஒளிரும். ஜிஎஃப்பி என்றால் உள்ளே இருப்பதும் சேர்ந்தே ஒளிர்ந்து குழப்பும். ஒரே ஒரு பிணைப்பிடம் கொண்ட ஸ்ட்ரெப்டாவிடினையே வாங்குங்கள், நான்கு இடம் உள்ளது ஏற்பிகளை ஒன்றோடொன்று கோத்துவிடும். அதன்பின் செல்லை 37 டிகிரிக்குக் கொண்டுவந்து, எந்த ஏற்பி எப்போது உள்ளே போகிறது என்று பார்க்கலாம்.