14 மாதத்தில் 600 கிராம்

பதினான்கு மாதம் ஜிம்முக்குப் போய் நான் குறைத்த எடை 600 கிராம். 71.4-ல் ஆரம்பித்தேன், போன வாரம் ஏறி நின்றால் 70.8. குடியாத்தத்தில் ஒரு கல்யாணத்தில் பெரியத்தை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னாடி, ஜிம்முக்குப் போறேன்னு சொன்னாங்க, அப்படியே கீறே?" என்றார். கணக்கைச் சொன்னேன். "அறுநூறு கிராமா? அது ஒரு பிளேட்டு பிரியாணிடி" என்றதும் பந்தியே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். என் இலையிலும் அப்போது ஆம்பூர் பிரியாணியும் கத்திரிக்காய் தொக்கும்தான் இருந்தன, என்ன பதில் சொல்வது?

வீட்டுக்கு வந்த பிறகுதான் சுருக்கென்றது. அங்கே வாய்க்கு வராத பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரியில் இரண்டாவது மாடி. லிப்ட் கிடையாது. குடிக்கக் கேன் தண்ணீர்தான். கேன் போடும் தம்பிக்கு முதுகு வலி வந்ததிலிருந்து படி ஏறுவதில்லை. "அக்கா, கேன் கீழ வெச்சிட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவார். இருபது லிட்டர் கேன், தண்ணீர் மட்டுமே 20 கிலோ. முன்பெல்லாம் குடத்தோடு கீழே போய், பாதியைக் குடத்தில் சாய்த்து, இடுப்பில் வைத்து மேலே ஏறி, மறுபடி இறங்கி மீதிக் கேனை இழுத்துக்கொண்டு வருவேன். இல்லையென்றால் வீட்டுக்காரர் வரும்வரை கேன் வெயிலில் காயும்.

இப்போது கேனுக்கு முன்னால் காலை அகட்டி நின்று, இடுப்பை மடக்கி, கழுத்தில் ஒரு கை, அடியில் ஒரு கை கொடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறேன். முப்பத்தாறு படி. நடுவில் இறக்கி வைப்பதில்லை. மேலே வந்து டிஸ்பென்சரில் கவிழ்ப்பதுதான் பரீட்சை. கை நடுங்கினால் அரை லிட்டர் தரையில் போகும், அப்புறம் மாப் போட வேண்டும். போன தீபாவளிக்குப் பிறகு நான் மாப் எடுக்கவில்லை. கவிழ்த்ததும் 'குபுக்' என்று ஒரே ஒரு பெரிய குமிழி மேலே வரும் பாருங்கள், அந்தச் சத்தம் எனக்குக் கைதட்டல் மாதிரி. இதை எந்த எடை மெஷினில் ஏறி நின்று பெரியத்தைக்குக் காட்டுவது?

இதற்கு முன்னால் வேறொரு ஜிம்முக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கே திங்கட்கிழமைதோறும் எல்லோரையும் எடை பார்த்துப் பலகையில் எழுதிப் போடுவார்கள். ஞாயிறு ராத்திரி சாப்பிட மாட்டேன். திங்கள் காலையில் தண்ணீர்கூட கிடையாது. வளையல், தோடு எல்லாம் கழற்றிப் பையில் போட்டுவிட்டு மெஷினில் ஏறுவேன். தாலிச் சரடைக் கழற்ற முடியாது, அதை மனதுக்குள் கழித்துக்கொள்வேன். ஒரு திங்கட்கிழமை டிரெட்மில்லில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அத்தோடு அந்த ஜிம்முக்கு ஒரு கும்பிடு.

அந்த இரண்டு மாதத்தில் ஒன்று மட்டும் புரிந்தது. மெஷின் காட்டுவதில் பாதி தண்ணீர்க் கணக்கு. வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? மே மாதத்தில் கோட்டைப் பக்கம் ஒரு மணி நேரம் வேகமாக நடந்து வந்தால் முக்கால் கிலோ குறைந்திருக்கும். ஒரு இளநீர், ஒரு சொம்பு மோர் உள்ளே போனால் பழைய இடத்துக்கே வந்துவிடும். ஊறுகாயும் அப்பளமுமாகச் சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ ஏறும், மாதவிடாய்க்கு முன்னால் இன்னும் ஏறும். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிச்சமாக வேண்டும். ஒரு ராத்திரி ஊறுகாயில் அது எங்கே இருக்கிறது? இது தெரியாமல் எத்தனை காலை அழுதிருக்கிறேன்.

இப்போது போகும் இடத்தில் மாஸ்டர் ஒரு சின்னப் பெண், இருபத்தாறு வயது இருக்கும். முதல் நாள் எடை கேட்டாள், நோட்டில் எழுதினாள், அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நோட்டு முழுக்க எத்தனை கிலோ, எத்தனை செட், எத்தனை ரெப்ஸ் என்றுதான் இருக்கும். டெட்லிப்ட் என்றால் தரையில் கிடக்கும் பளுவைக் கையில் பிடித்து நிமிர்ந்து நிற்பது. முதலில் கொடுத்தது வெறும் ராடு, 20 கிலோ, அதையே "முதுகு வளையுதுக்கா, வெச்சிடுங்க" என்று வாங்கி வைத்தாள். இன்று 60 கிலோவை ஐந்து முறை எடுக்கிறேன். என் வயது 46.

எங்கள் ஊரில் இதையெல்லாம் விளக்க வேண்டி வருவதுதான் வேடிக்கை. பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் இதே சத்துவாச்சாரிக்காரர். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 149, கிளீன் அண்ட் ஜெர்க் (தோள்வரை தூக்கி, பிறகு தலைக்கு மேல்) 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-ல் கோல்ட் கோஸ்டிலும் தங்கம். பளுதூக்குபவர்கள் போட்டிக்கு முன்னால் எடை பார்க்கத்தான் வேண்டும், பிரிவே எடையை வைத்துத்தானே. ஆனால் அவர் ஊர் திரும்பியபோது மாலை போட்டவர்கள் எவ்வளவு தூக்கினார் என்றுதானே பேசினார்கள். ஒரு பொம்பளை ஜிம்முக்குப் போனால் மட்டும் எவ்வளவு குறைந்தாள் என்று கேட்கிறோம்.

பி.எம்.ஐ. பற்றியும் ஒரு வார்த்தை. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று கணக்குப் பார்க்கும் அந்தச் சூத்திரம் 19-ம் நூற்றாண்டில் பெல்ஜியத்தைச் சேர்ந்த கேத்தலே என்ற கணிதக்காரர் மக்கள்தொகையின் சராசரியைப் பார்க்கப் போட்டது. தனி ஆளின் உடம்பில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு என்று அதற்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்காரர் 61 கிலோ, சூத்திரப்படி அம்சமான உடம்பு. பெரியத்தைகூட "அவரப் பாரு, எப்படி வெச்சிக்கீறாரு" என்றார். ஐந்து வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார், முதல் மாடியிலேயே மூச்சு வாங்குகிறது. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால். நம் ஊரில் இந்த வாகு சர்வ சாதாரணம்.

எடையே பார்க்காதே என்று சொல்ல வரவில்லை. முட்டி வலிக்கும் சர்க்கரைக்கும் எடை குறைவதால் பலன் உண்டு, காரணமே இல்லாமல் மளமளவென்று இறங்கினால் டாக்டரிடம் ஓட வேண்டும். நானும் மாதம் ஒரு தடவை பார்க்கிறேன், கூடவே இஞ்ச் டேப்பும். இடுப்பு 37 அங்குலத்திலிருந்து 34-க்கு வந்திருக்கிறது. நம் பெண்களுக்கு 80 செ.மீ., அதாவது முப்பத்தொன்றரை அங்குலம்தான் எல்லை என்கிறார்கள், இன்னும் தூரம் இருக்கிறது. டெய்லர் அண்ணன் போன பொங்கலுக்கு என் ஜாக்கெட்டில் கைப்பக்கம் பிரித்துவிட்டு, இடுப்பில் பிடித்துக் கொடுத்தார். "இன்னாம்மா, அளவு தலைகீழா மாறுது" என்று அவருக்குக் குழப்பம். எனக்கு அதைவிட நல்ல ரிப்போர்ட் எந்த லேபிலும் கிடைத்ததில்லை.

நரசிம்மர் கோயில் இருக்கும் சோளிங்கர் பெரிய மலையும் எனக்கு ஒரு மெஷின்தான். 1305 படி. ஜிம்மில் சேர்வதற்கு முந்தைய கார்த்திகையில் ஏறியபோது எத்தனை இடத்தில் உட்கார்ந்தேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். கையிலிருந்த பழத்தைக் குரங்கு பிடுங்கியபோது "எடுத்துக்கோ சாமி" என்று கொடுத்துவிட்டேன், எழுந்து துரத்தத் தெம்பில்லை. 2024-ல் ரோப் கார் வந்துவிட்டது, வீட்டுக்காரர் அதில் போனார். போன கார்த்திகையில் நான் நடந்தே ஏறினேன், நாலே இடத்தில் நின்றேன். அதைவிடப் பெருமை, இறங்கும்போது தொடை நடுங்கவில்லை. பழமும் பத்திரமாக வந்தது.

கடைசியாக அம்மா. ஆற்காட்டில் தம்பி வீட்டில் இருக்கிறார். வயது 72, எடை 44 கிலோ. "கொடுத்து வெச்ச உடம்பு" என்று தெருவே சொல்லும். ஆனால் பாத்ரூமில் உட்கார்ந்தால் பக்கெட்டின் விளிம்பைப் பிடிக்காமல் எழ முடியாது. ஒருநாள் காலிப் பக்கெட் சாய்ந்து சுவரில் தோளை இடித்துக்கொண்டார். வயதாக ஆகத் தசை கரைந்துகொண்டே போகும், மெஷினோ அதையும் எடை குறைந்தது என்றுதான் காட்டும். ஊறுகாய் ஜாடி மூடியைப் பேரனிடம் கொடுத்துத் திறக்கச் சொல்வதை நாங்கள் வருடக்கணக்காகச் செல்லம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இந்தியா உட்பட 17 நாடுகளில் ஒன்றே கால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்த ஓர் ஆய்வு 2015-ல் 'லான்செட்' இதழில் வந்தது. யாருக்கு ஆயுள் ஆபத்து அதிகம் என்பதை மேல் ரத்த அழுத்த எண்ணைவிடக் கைப்பிடி பலம் நன்றாகக் காட்டியதாம். பிடி பலம்தான் காரணம் என்று சொல்லவில்லை, ஓர் அடையாளம். அதைப் படித்த பிறகு ஜாடி மூடி எனக்குச் செல்லமாகத் தெரியவில்லை.

மாஸ்டர் ஒரு பரிசோதனை சொல்லிக் கொடுத்தாள். நாற்காலியில் கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். அம்மா வயதுப் பெண்களுக்குப் பத்துக்குக் கீழே போனால் சராசரிக்கும் குறைவு. முதல் ஞாயிற்றுக்கிழமை "இன்னாத்துக்குடி இந்தக் கூத்து" என்று திட்டிக்கொண்டே எழுந்தார். ஐந்து. அதன்பிறகு தினமும் சீரியலில் விளம்பரம் வரும்போதெல்லாம் எழுந்து உட்காருகிறார், தம்பி மகன் எண்ணுகிறான்.

போன ஞாயிறு போனில் டைமர் வைத்து நானே எண்ணினேன். ஒன்பது. பத்தாவதுக்குப் பாதி எழுந்தபோது மணி அடித்துவிட்டது. "பத்து" என்றார் அம்மா. "பாதிதாம்மா" என்றேன். "நான் எழுந்துக்கினுதான் இருந்தேன், உன் போன்தான் அவசரப்பட்டுச்சு. மறுபடி வை" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.